எலி வீட்டு விளக்கு

"அடுத்தது எலி வீடு" என்று மீட்டரம்மா அட்டையைப் புரட்டிக்கொண்டே சொன்னதும் ஜீப்காரன் கியரைத் தப்பாகப் போட்டான். வண்டி பல்லைக் கடித்தது.

வாரத்துக்கு ஒரு தரமாவது அந்த வார்த்தை அவன் காதில் விழுகிறது. ஒன்பது வருஷமாகியும் பழகவில்லை. எலி வீடு என்பது அவனுடைய கூடப் பிறந்த அக்கா வீடு. அந்தக் குடியிருப்பில் இருபத்துமூன்று வீடுகள் இருக்க, அக்கா வீட்டுக்கு மட்டும் எலியைக் கட்டிவிட்டு, அதை ஆபீஸ் பட்டியல் வரைக்கும் ஏற வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறது இந்த அம்மா. இவருக்குப் போய் ஏழு வருஷமாக வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு வளைவிலும் அவனுக்கு வயிறு எரியும். ஓட்டத்தான் செய்கிறான். அந்த ஆபீஸ் வாடகையில்தான் வண்டியும் ஓடுகிறது, வீடும் ஓடுகிறது.

"பாத்துப் போடு ஜீப்பு. அதுவும் இரும்புதானே, வலிக்கும்" என்றார் மீட்டரம்மா, அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல். அவனுக்குப் பெயர் ஒன்று உண்டு. அவர் கூப்பிட்டதில்லை.

மீட்டரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஒடிசல் உடம்பு. கழுத்தில் நாடா கட்டிய மஞ்சள் மீட்டர், அதன் சிவப்பு வயர் வலது தோளில், கறுப்பு வயர் இடது தோளில். மாற்றிப் போட்டு யாரும் பார்த்ததில்லை. மேலே எப்போதும் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. பேட்டரி ஆசிட் தெறித்துத் தெறித்து அது சல்லடை மாதிரி ஆகிவிட்டது. ஒரு சட்டை தேய்வதற்குள் ஆசிட் தின்று முடித்துவிடும். அடுத்த சட்டையைப் புருஷனிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்.

மின்சாரக் கம்பி அடிவாரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் உள்ள பதினோரு குடியிருப்புகளிலும் வெயிலில் எரிகிற விளக்குதான். கூரைமேல் ஒரு பேனல், மூலையில் ஒரு பேட்டரி, நடுவில் கணக்காகக் கொடுத்து வாங்க ஒரு பெட்டி, இரண்டு விளக்கு. இதையெல்லாம் மாட்டுவது, துடைப்பது, திட்டுவது எல்லாம் மீட்டரம்மாதான்.

அதற்கு முன்னால் அதே குடியிருப்புகளுக்கு மண்ணெண்ணெய் கேன் சுமந்து விற்றவர் அவருடைய புருஷன். "கட்டின பொண்டாட்டியே பொழப்பைக் கெடுத்த ஆளு, எனக்குத் தெரிஞ்சு எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அதுக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் நான் சமைச்சா உப்பு கம்மின்னு சொல்றது. சொல்லிட்டுப் போகட்டும். ரெண்டு தட்டு திங்கறாரு" என்பார்.

படிப்பு ஐந்தாவதோடு சரி. செங்கல் சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தவரைத்தான் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் புரியாது. சொல்லிக் கொடுத்தவர் வயரைக் காட்டுவார், நிறத்தைக் காட்டுவார், விரலைக் காட்டுவார், அவ்வளவுதான் பாடம். "கரண்டு சுருக்குன்னு இழுத்ததும் எல்லாரும் ஒரே மாதிரிதான் கத்தினோம். அந்தக் கத்தல்தான் எங்களுக்குப் பொது பாஷை."

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். புதிதாக வந்த மருமகள்கள் பாவம், குடிக்கத்தான் கேட்கிறார் என்று நல்ல தண்ணீராகப் பார்த்து மொண்டு கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறிப் பேனல்மேல் ஊற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். டீ கொடுத்தால் வாங்க மாட்டார். "மொதல்ல பேட்டரியைப் பாத்துடறேன். டீ குடிச்ச வாயால திட்ட வராது." திட்டி முடித்தபிறகு இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

திட்டுவதற்குக் குறைவே இருக்காது. மழை தூறினால் வடகம் காயப்போட்டவள் மாதிரி ஓடிப்போய்ப் பேனலைக் கழற்றி உள்ளே வைக்கிற வீடு ஒன்று. வெயிலில் சாயம் போய்விடும் என்று அதன்மேல் போர்வை போர்த்திய வீடு ஒன்று. போகிறவர் வருகிறவர் கண்ணில் பட வேண்டும் என்று பேனலைப் பாதை பார்த்துத் திருப்பி வைத்த வீடு ஒன்று. பேட்டரித் தண்ணீர் தீர்ந்துபோச்சு என்று குளத்துத் தண்ணீரை ஊற்றி, மேலே ஒரு தவளைக்குஞ்சையும் விட்ட வீடு ஒன்று. அவருக்கு வீட்டு எண் நினைவில் நிற்காது. மழை வீடு, போர்வை வீடு, பவுசு வீடு, தவளை வீடு என்றுதான் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தந்த வீட்டுக்காரர்களே சிரிப்பார்கள்.

ஜீப்காரன் மட்டும் சிரிக்க மாட்டான். காரணம் இருக்கிறது.

பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் பெட்டி தானாக விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பைக் காட்டும். மீட்டரம்மா அதற்கு வைத்த பெயர் 'போதும் லைட்டு'. அதோடு விட்டால் பேட்டரி பல வருஷம் பிழைக்கும். சிவப்பைப் பார்த்து எரிச்சலாகிப் பெட்டியைத் திறந்து, பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராக வயரைக் கொடுத்தால் அன்றைக்கு எரியும், அதற்கடுத்த நாளும் எரியும், அப்புறம் பேட்டரி செத்துப்போகும். அதனால் பெட்டிக்குப் பெட்டி ஈயத்தில் சீல் வைத்திருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அக்கா வீட்டுப் பெட்டியில் அந்த சீலைக் காணோம்.

"எலி கடிச்சிருக்கும்" என்றாள் அக்கா.

"எலி கடிக்கும் சரி. நாலு ஸ்குரூவைக் கழட்டித் திரும்ப மாட்டுமா?"

அட்டையில் எழுதும்போது மீட்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுவார். மனசில் நினைப்பதை எழுத மாட்டார். அன்றைக்கும் அப்படித்தான் எழுதினார்: 'சீல் உடைந்துள்ளது. எலி என்று சொல்கிறார்கள்.'

ஆபீஸில் அதைப் படித்து மேசையைத் தட்டிச் சிரித்தார்களாம். பேட்டரி செத்துப்போயிருந்தது; சீல் உடைந்த வீட்டுக்கு அடுத்த முறை வரும்வரை இலவச பேட்டரி கிடையாது. பதினான்கு மாதம் அக்கா வீடு இருட்டில் கிடந்தது. அக்கா தையல்காரி. பகலெல்லாம் காட்டு வேலை, பொழுது சாய்ந்தபிறகுதான் தையல். விளக்கு இல்லாமல் பாதித் தையல் கைவிட்டுப் போனது. போனது போனதுதான், எலி மட்டும் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு விஷயத்தை ஜீப்காரன் யாரிடமும் சொன்னதில்லை. அந்த எலி அவன்தான்.

அப்போது அவன் ஆபீஸ் வண்டி ஓட்டவில்லை, சொந்தமாகச் சவாரி அடித்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு மூட்டை இறக்க வந்தவன் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினால் ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரின்னா பேட்டரிதானே என்று விளக்கு பேட்டரியைத் தூக்கிப்போய் ஜீப்பில் கொடுத்துக் கிளப்பினான். ஜீப் கிளம்பியது, விளக்கு பேட்டரி படுத்துக்கொண்டது. சாயங்காலம் சவாரி முடிந்து அவன் திரும்பி வந்தபோதே சிவப்பு எரிந்தது. வண்டி மராமத்து தெரிந்தவன் இல்லையா, பெட்டிதான் கரண்டைத் திருடுகிறது என்று முடிவு கட்டி, சீலை அறுத்து நேராக வயரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அக்கா அவனைக் காட்டிக் கொடுக்காமல் எலியைச் சொன்னாள். அந்த நன்றிக்கடனையெல்லாம் சேர்த்து அவன் மீட்டரம்மாமேல் கோபமாக வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ள வேறு இடம் இல்லை.

ஜீப் அக்கா வீட்டு முன்னால் நின்றது. ஐந்து நாள் மேகத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில். மீட்டரம்மா இறங்கி, வண்டி மூக்கின்மேல் கையை நீட்டி நிழலைப் பார்த்தார். "விரல் விரலாத் தெரியுது. நாலு ஆம்பியர் வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜீப்காரன் எப்போதும் வண்டியிலேயே உட்கார்ந்துகொள்வான். அன்றைக்கு அக்கா வாசலில் நின்ற நிற்பே சரியில்லை, அதனால் பின்னாலேயே போனான்.

அக்காவின் கழுத்தில் அளவு நாடா, விரலில் ஊசி உறை. கட்டில் முழுக்க வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகள், கை வைத்தது பாதி, வைக்காதது பாதி. மூலையில் பெட்டி. பெட்டியில் சீல் இல்லை.

"சீல் எங்க?" என்றார் மீட்டரம்மா.

அக்கா வாயைத் திறக்கும் முன் ஜீப்காரன் முந்திக்கொண்டான். "கூரை பூரா எலிம்மா. ராத்திரில தூங்க முடியல, அப்படி ஓடுது."

மீட்டரம்மா மெதுவாகத் திரும்பினார். "அதே எலியா? ஒம்பது வருஷமா உசுரோட இருக்கா? என்ன போட்டு வளக்கறீங்க?"

"எலி இல்லக்கா, நான்தான்" என்றாள் அக்கா.

அவள் கையில் இருந்த சட்டையை மடித்துக்கொண்டே பேசினாள். "அஞ்சு நாளா ஒரே மேகம். வெளக்கு ஏத்தின கொஞ்ச நேரத்துல சிவப்பு வந்துடுது. திங்கக்கிழம அறுபது சட்டை குடுத்தாகணும். இருபதுதான் முடிஞ்சிருக்கு. குடுக்கலேன்னா அடுத்த வருஷம் பள்ளிக்கூடத் துணி எனக்குக் கிடையாதுன்னுட்டாங்க. ரெண்டு நாள்தான்க்கா நேரா குடுத்தேன். ரெண்டே நாள்."

"எந்த வயரை எங்க குடுக்கணும்னு யாரு காட்டிக் குடுத்தா?"

அக்கா கத்தரிக்கோலைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். தம்பி பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அது போதுமாக இருந்தது.

"என்னைப் பாத்துதான்மா. மொத தடவ உடைச்சது நான்" என்றான் ஜீப்காரன். ஜீப்பிலிருந்து வயர் வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டினான். கொட்டி முடித்ததும் அவனுக்கே ஒரு தைரியம் வந்தது. சட்டம் அவனுக்கும் தெரியும். குடியிருப்புக்காரர்கள் கூட்டம் போட்டு அவர்களே எழுதி வைத்த சட்டம்: இரண்டு தடவை சீல் உடைந்தால் பேனலோடு பேட்டரியோடு எல்லாம் காத்திருக்கிற அடுத்த வீட்டுக்கு. "மொத தடவ என் பேரை எழுதிக்கோங்க. வண்டிய நிறுத்தறதுன்னா நிறுத்தட்டும். அப்ப அக்காவுக்கு இது மொத தடவதானே? லைட்டு இங்கயே இருக்கட்டும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீதான்னு. பேட்டரி முனையில ஜீப்பு கிளிப்போட பல்லு பதிஞ்சிருந்துச்சு. எலிக்கு ஏது அம்புட்டுப் பெரிய பல்லு."

"தெரிஞ்சுமா எழுதல?"

"பல்லைப் பாத்தேன். ஆளைப் பாக்கலையே."

"இப்பதான் சொல்லிட்டேனே, எழுதுங்க."

"எழுதறேன். எழுதி என்ன ஆகப்போவுது? சட்டத்துல வீடுன்னு போட்டிருக்கு. யாருன்னு போடல. அந்த வீட்டுல ரெண்டு தடவ உடைஞ்சாச்சு. எலி உடைச்சாலும் ஒண்ணுதான், நீ உடைச்சாலும் ஒண்ணுதான்." சொன்னபடியே அட்டையில் இரண்டு வரி எழுதினார். பேனாவை மூடும்போது, "எலி பாவம், அநியாயமாப் பேர் கெட்டுக் கிடந்துச்சு" என்றார்.

ஒன்பது வருஷம் சுமந்ததை இறக்கி வைத்தால் அது தரையில் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. ஜீப்காரன் வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மீட்டரம்மா பேட்டரியின் ஆறு மூடியையும் திறந்து, ரப்பர் உருண்டை வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையிலும் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே மிதவை எவ்வளவு தூரம் எழும்புகிறது என்று பார்த்தார். ஐந்து அறையில் எழும்பியது. மூன்றாவதில் முக்கால் வரைதான். "சாகல. மயக்கம்தான். இந்த வெயில் சாயங்காலம் வரைக்கும் அடிச்சா ராத்திரி நாலு மணி நேரம் தாங்கும்." அப்புறம் பேனலைக் கழற்ற ஏணியைக் கேட்டார்.

காத்திருக்கிற அடுத்த வீடு, பாதைக்கு அந்தப் பக்கம் கோழிக்காரி வீடு. நாலு வருஷமாகக் காத்திருக்கிறாள். அவளுடைய கோழி ஒன்று அக்கா வெட்டி வைத்திருந்த துணிமேல் ஏறி அசிங்கம் பண்ணி, அக்கா அதைத் துடைப்பக்கட்டையால் அடித்து, அது நொண்டிப்போனதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அதுவும் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

பேனலைத் தலையில் வைத்துக்கொண்டு பாதையைக் கடந்து வந்த மீட்டரம்மாவைப் பார்த்துக் கோழிக்காரி தவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "யாரு வீட்டுது?"

"உன் வீட்டுது. முறை வந்துடுச்சு."

"அதான் யாரு வீட்டுலேர்ந்து பிடுங்கினதுன்னு கேக்கறேன்." எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டு வாசலில் ஜீப்காரன் மூஞ்சியைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். "ஐயையோ, அவளோடதா? அவ வயித்தெரிச்சல் எனக்கு எதுக்கு? வேற இருந்தா கொண்டா."

"வேற இல்ல. வேணாம்னா சொல்லிடு, அதுக்கடுத்த வீட்டுக்குப் போறேன்."

"வேணாம்னு யாரு சொன்னா?"

பேனல் கூரை ஏறியது. பேட்டரி மூலைக்கு வந்தது. புது சீல் நறுக்கென்று விழுந்தது. விளக்கை எங்கே மாட்டுவது என்று கேட்டதற்குக் கோழிக்காரி அடுப்புப் பக்கம் ஒன்று, நடு வீட்டில் ஒன்று என்றாள். நடு வீட்டு விளக்கை மாட்டிவிட்டு இறங்கிய மீட்டரம்மா, அதற்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து சாணால் அளக்க ஆரம்பித்தார். கோழிக்கூடையைக் காலால் தள்ளிவிட்டு மறுபடி அளந்தார்.

"என்ன அளக்கற?"

"மூணடி இருக்கு. மெஷினுக்குப் போதும்."

"எந்த மெஷினுக்கு?"

"லைட்டை மாத்தணும்னுதான் சட்டத்துல இருக்கு. தையல் மெஷின் எந்த வீட்டுல இருக்கணும்னு அதுல ஒண்ணும் இல்ல" என்றார் மீட்டரம்மா. "நீ சரின்னாத்தான். லைட்டு உன்னுது, வீடும் உன்னுது."

கோழிக்காரி இடுப்பில் கையை வைத்தாள். எதிர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பதில் சொன்னாள். "வேணும்னா அவ வந்து கேக்கட்டும்."

"அவ வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்.

"மிதிக்க வேணாம். காலைக் கழுவிட்டு, தாண்டி வரச் சொல்லு."

"நொண்டிக் கோழிக்கு இருக்கற வாயப் பாரு."

"நொண்டியாக்கினது யாருடி?"

ஜீப்காரன் எழுந்து நின்றான். இனி அடிதடிதான் என்று அவனுக்குத் தோன்றியது. அக்கா ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தாள். சட்டைக்கு ஒரு கை வைத்திருந்தது, மறு கை இல்லை. பாதை நடுவில் நின்றாள். கண் சிவந்திருந்தது. ஐந்து நாளாக மங்கல் வெளிச்சத்தில் ஊசி கோத்த கண். கேட்க வந்தவள் வாய் கேட்க மாட்டேன் என்றது.

கோழிக்காரி அந்த ஒற்றைக் கைச் சட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எத்தன பாக்கி?"

"நாப்பது."

"நாப்பதா? திங்கக்கிழமைக்கா? உனக்குப் பைத்தியமா?" கோழிக்கூடையைத் தூக்கி வெளியே வைத்தாள். "பட்டன் நான் தச்சுத் தரேன். காஜா எடுக்க எனக்கு வராது, இப்பவே சொல்லிட்டேன். கோழிய எவளாவது தொட்டா மெஷின் பாதையில கிடக்கும்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "உன் தையல் கோணலா இருக்கும்."

"பட்டன்ல என்னடி கோணல்? உருண்டையா இருக்கு."

மீட்டரம்மா அதற்குள் அக்கா வீட்டுக்குள் போய்விட்டிருந்தார். மெஷின்மேல் இருந்த துணியையெல்லாம் கட்டிலுக்கு மாற்றினார், நூல்கண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கால் மெஷின், வார்ப்பிரும்பு. ஒரு ஆளால் அசைக்க முடியாது. ஒரு பக்கத்துக் காலைப் பிடித்துக் குனிந்தபடி வாசலைப் பார்த்தார். ஜீப்காரன் இன்னும் பாதைக்கும் படிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன ஜீப்பு, வேடிக்கை பாத்தது போதும். வெயில் இருக்கறப்பவே முடிக்கணும். வந்து அந்தப் பக்கம் பிடி. சக்கரத்தப் பிடிக்காத, அது சுத்தும். காலைப் பிடி."